கிரீன் கார்டு போதும் என்று நம்பிப் போனோம், பாலத்திலிருந்து திரும்பி வந்தோம்

எடிசன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

போன சனிக்கிழமை டொராண்டோவில் என் மனைவியின் அக்காவுக்கு வளைகாப்பு. நியூ ஜெர்சியிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் காரில் கிளம்பி, இரவு பஃபலோ பக்கம் தங்கிவிட்டு, விடிந்ததும் எல்லையைத் தாண்டிப் பத்து மணிக்குள் அக்கா வீட்டில் இருப்பது என்று திட்டம். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு, அதாவது அமெரிக்க நிரந்தரவாசி அட்டை. மகளுக்கு ஆறு வயது, இங்கே பிறந்தவள், அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறது. என் இந்திய பாஸ்போர்ட் சரியாக இருந்தது. மனைவியின் இந்திய பாஸ்போர்ட் மட்டும் இரண்டு மாதம் முன்பே காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கக் கொடுக்க வேண்டும், கொடுக்க வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டோம்.

கவலைப்படாததற்குக் காரணம் உண்டு. 2019-ல் இதே வழியாகப் போய்வந்த நண்பர் ஒருவரிடம் கேட்டிருந்தேன். "தரை வழிதானே, கிரீன் கார்டைக் காட்டினால் போதும், பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவே இல்லை" என்றார். அவர் சொன்னது அவருக்கு நடந்ததுதான்.

கனடா சாவடியில் இருந்த அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டும் இரண்டு கார்டும் வாங்கிப் பார்த்தார். மனைவியின் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்து, ஓரமாக நிறுத்தி உள்ளே போகச் சொன்னார். உள்ளே முக்கால் மணி நேரம். மரியாதையாகவே பேசினார்கள். கடைசியில், "நீங்களும் மகளும் போகலாம், உங்கள் மனைவி போக முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் வளைகாப்புக்குத் தங்கை இல்லாமல் நான் போய் என்ன செய்வது? நாமாகவே திரும்பிப் போகிறோம் என்ற தாளில் மனைவி கையெழுத்துப் போட்டாள். காரைத் திருப்பி மறுபடி பாலத்தில் ஏறினோம்.

அமெரிக்கப் பக்கம் வந்ததும், அங்கிருந்த அதிகாரி "கனடாவில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். டிக்கியைத் திறந்து பார்த்தார், கார்டுகளைப் பார்த்தார், விட்டுவிட்டார். டிக்கியில் மூன்று டஜன் கண்ணாடி வளையல், சந்தனக் கிண்ணம், மனைவி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கட்டிய தட்டு. அதைப் பார்த்து அவர் "கல்யாணமா?" என்று கேட்டபோது அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது: இப்போது விதி உண்மையில் என்ன? அந்தத் தாளால் பின்னால் பிரச்சினை வருமா? பாஸ்போர்ட் வந்ததும், குழந்தை பிறந்த பிறகு, மறுபடி போகப் பார்க்கிறோம். இந்த முறை எதையும் யார் வாய்ச்சொல்லையும் நம்பிச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

கயல்_மிச்சிகன்

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது, அண்ணா. அண்ணியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

விதி மாறியது 2022 ஏப்ரல் 26-ம் தேதி. அதற்கு முன் தரை வழியாகக் கார்டு மட்டும் காட்டிப் போனவர்கள் நிறைய. அன்றிலிருந்து அமெரிக்க நிரந்தரவாசி யாராக இருந்தாலும், விமானமோ காரோ படகோ, இரண்டு பொருள் கையில் வேண்டும்: தன் நாட்டின் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், செல்லுபடியாகும் கிரீன் கார்டு. இரண்டும் இருந்தால் கனடா விசா வேண்டாம், ஈடிஏ என்ற மின் அனுமதியும் வேண்டாம். இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு இது பெரிய சலுகை. அதனால்தான் பலரும் "கிரீன் கார்டு இருந்தால் விசா வேண்டாம்" என்பதைக் "கிரீன் கார்டு இருந்தால் பாஸ்போர்ட் வேண்டாம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கார்டு காலாவதியாகிப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால், நீட்டிப்பைச் சொல்லும் ஐ-797 கடிதத்தின் அசலை அந்தப் பழைய கார்டோடு சேர்த்துக் காட்டலாம். நிரந்தரவாசி என்பதற்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டில் குத்தித் தரும் தற்காலிக ஐ-551 முத்திரையும் செல்லும். பாஸ்போர்ட் விஷயத்தில் அப்படி எதுவும் கிடையாது. விண்ணப்பித்த ரசீது பாஸ்போர்ட் ஆகாது.

ஸ்கார்பரோ_சிவம்

தம்பி, வளைகாப்பு போனது போனதுதான், அதற்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தாளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தானாகத் திரும்பிப் போவதும் நாடு கடத்துவதும் வேறு வேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் மனைவிக்குக் கிடைத்தது முதல் வகை. அது தடை உத்தரவு இல்லை. கடவுச்சீட்டு புதிதாக வந்ததும் தாராளமாக வரலாம். இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். அந்தத் தாளை எறிந்துவிடாமல் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை, "முன்பு உங்களைத் திருப்பி அனுப்பினார்களா?" என்று கேட்டால் "ஓம், இன்ன காரணம்" என்று உடனே சொல்லுங்கள். அவர்களின் கணினியில் அது இருக்கும். மறைத்தால்தான் வில்லங்கம்.

உங்கள் நண்பர் சொன்னதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கும் இதேபோல நடந்தது. ஒரு காலத்தில் கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை உள்ள பொதுநலவாய நாட்டவர்கள், அதாவது இலங்கைக் கடவுச்சீட்டு, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த எங்களைப் போன்றவர்கள், விசா இல்லாமலே அமெரிக்காவுக்குப் போய் வந்தார்கள். சனிக்கிழமை நினைத்தால் ஞாயிறு பஃபலோ. 2003 மார்ச்சில் அது நின்றது. அது தெரியாமல் அந்த வசந்த காலத்தில் பாலத்தில் போய் நின்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் யாரோ ஒருவர், "நான் போன வருசம் போனேன், ஒன்றும் கேட்கவில்லை" என்றுதான் சொல்லியிருந்தார்.

எடிசன்வாசி

சிவம் அண்ணா, இந்த ஒரு பதிலால் இன்று இரவு மனைவி தூங்குவாள். அந்தத் தாளை வைத்துத்தான் ஐந்து நாளாக அழுதுகொண்டிருந்தாள். நன்றி.

நெடுவழி

நான் வருடத்துக்கு மூன்று முறை போகிறேன். அனுபவத்தில் சொல்கிறேன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், நீங்களாக எதையும் எடுத்துப் போடாதீர்கள். சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். பொடி, ஊறுகாய் என்று ஆரம்பித்தால் காரில் இருப்பதையெல்லாம் இறக்கிவிடுவார்கள், ஒரு மணி நேரம் போய்விடும்.

கயல்_மிச்சிகன்

நெடுவழி, முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை இங்கே புதிதாக வருபவர்கள் படித்துவிட்டு அப்படியே செய்வார்களே என்று பயமாக இருக்கிறது.

என் மாமியார் கனடாவின் விண்ட்சரில் நாத்தனார் வீட்டிலிருந்து கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். எங்களிடம் சொல்லவில்லை. காரில் பழம், காய், செடி, இறைச்சி ஏதாவது உண்டா என்று கேட்டபோது நான் நம்பிக்கையோடு இல்லை என்றேன். பையைத் திறந்தார்கள். கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துச் செடி. ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி இந்த இலையில் முட்டையிடும். அதனால் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடவே மாட்டார்கள். அன்று நான் கட்டியது 300 டாலர். சொல்லியிருந்தால் இலையை வாங்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான், அபராதம் கிடையாது. தவறு இலை வைத்திருந்தது இல்லை, சொல்லாதது. இப்போது சாவடிக்கு முன்னால் நானே ஒவ்வொருவரையும் கேட்கிறேன், மாமியாரையும் சேர்த்துத்தான்.

மசாலாப் பொடி, பொட்டலம் பிரிக்காத தின்பண்டம் எல்லாம் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. "வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி, முறுக்கு, ஊறுகாய்" என்று சொல்வேன். தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு முறைகூட அதற்காக நிறுத்தியதில்லை.

நெடுவழி

300 டாலர் கட்டியவர் சொல்லும்போது நான் என்ன சொல்வது. சரி, சாப்பாட்டுச் சாமான் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இத்தனை வருடம் யாரும் என் பையைத் திறக்கவில்லை, அதை வைத்து எழுதிவிட்டேன்.

தென்றல்

நாங்கள் சியாட்டில். வான்கூவர் போக ஆசை. எனக்கு மட்டும் கிரீன் கார்டு வந்துவிட்டது. கணவருக்கு இன்னும் எச்-1பி வேலை விசாதான், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை முடிந்துவிட்டது, ஆனால் எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அம்மா பி-2 சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார். நான் நிரந்தரவாசி என்பதால் என்னோடு ஒரே காரில் வருபவர்களுக்கும் விசா வேண்டாமா?

கயல்_மிச்சிகன்

இல்லை தென்றல், இதைத்தான் எடிசன் அண்ணா பட்ட பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். காரில் உட்கார்ந்திருப்பது ஒரு குடும்பம். சாவடியில் அது மூன்று தனித்தனி ஆள். உங்கள் கார்டு உங்களுக்கு மட்டும்தான்.

அம்மாவுக்குக் கனடா விசிட்டர் விசா கட்டாயம். அமெரிக்க விசா இருந்தால் ஈடிஏ போதும் என்ற சலுகை சில நாட்டவருக்கு உண்டு, ஆனால் அதுவும் விமானத்தில் வந்தால்தான், அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை. கணவருக்கும் கனடா விசா வேண்டும்.

திரும்பி வரும்போது அவர் விஷயம் வேறு. முப்பது நாளுக்குள் கனடாவுக்கு மட்டும் போய்வந்தால், விசா முத்திரை முடிந்திருந்தாலும் செல்லுபடியாகும் ஐ-94-ஐ வைத்துத் திரும்ப உள்ளே வரலாம். தானியங்கி விசா மறுமதிப்பு என்று பெயர். ஐ-94-ஐ அச்சடித்துக் கையில் வைத்திருக்கட்டும், யாரிடமும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். அங்கே இருக்கும்போது புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தால் இந்தச் சலுகை போய்விடும். நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். "போவதே போகிறோம், வான்கூவரில் முத்திரையும் குத்திக்கொண்டு வந்துவிடலாம்" என்று நினைத்து, விசா தாமதமாகி அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

அம்மாவுக்குத் திரும்பி வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பழைய தேதியையே வைத்து உள்ளே விடக்கூடும். விமான டிக்கெட்டைப் பழைய தேதிக்குள்ளேயே வையுங்கள்.

தென்றல்

நன்றி கயல். அம்மாவுக்கு முதலில் விசா போடுகிறேன். கணவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார், அவருக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. அப்படியென்றால் நானும் அம்மாவும் என் நான்கு வயது மகனும் மட்டும். மகன் அமெரிக்கக் குடிமகன், இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை.

ஸ்கார்பரோ_சிவம்

பிள்ளை, பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட அமெரிக்கக் குடிமக்கள் தரை வழியாகப் பிறப்புச் சான்றிதழோடு போய் வரலாம். ஆனாலும் கடவுச்சீட்டு எடுத்துவிடுவது நல்லது. மற்றது, தகப்பன் இல்லாமல் தாய் மட்டும் குழந்தையோடு வந்தால் தகப்பனின் சம்மதக் கடிதம் கேட்கக்கூடும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், தகப்பனின் தொலைபேசி எண் எல்லாம் போட்டு, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். பத்து முறை போனாலும் கேட்காமல் விடலாம். பதினோராவது முறை கேட்பார்கள், குழந்தையிடமும் கேட்பார்கள். பிள்ளை கடத்தலைத் தடுக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது.

முகில்75

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். இதில் கொஞ்சம் கடுமையாக எழுதினால் மன்னிக்கவும். என் நெருங்கிய உறவினர் ஒருவர் இதில் பட்ட துன்பத்தைக் கூடவே இருந்து பார்த்தவன்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு அமெரிக்காவில் பல மாநிலங்களில் சிறு குற்றம்தான். அபராதம் கட்டி, வகுப்புக்குப் போய், மறந்தும் போயிருப்பார்கள். கனடாவில் 2018 டிசம்பர் 18 முதல் அது பத்து வருடம் வரை சிறைத் தண்டனை தரக்கூடிய குற்றம், குடிவரவுச் சட்டத்தில் கடுமையான குற்ற வகைக்குள் வரும். பழைய ஒரு வழக்கு போதும், எல்லையில் திருப்பி அனுப்ப. முன்கூட்டியே தற்காலிக வதிவிட அனுமதி கேட்டு வாங்கினால் வழி உண்டு. பாலத்தில் போய் நின்று கெஞ்சுவது வழி இல்லை.

அதைவிட முக்கியம், திரும்பி வருவது. அமெரிக்க நிரந்தரவாசி 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இல்லாவிட்டால், பொதுவாகப் புதிதாக உள்ளே வருபவராக அவரைக் கருத மாட்டார்கள். ஆனால் சில வகைக் குற்ற வழக்கு இருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை, ஒரு மணி நேரம் நயாகராவைப் பார்த்துவிட்டு வந்தாலும் சரி. கடையில் பொருள் எடுத்த வழக்கு, போதைப் பொருள் வழக்கு, குடும்பச் சண்டையில் போலீஸ் வந்து பதிவான வழக்கு, எதுவாக இருந்தாலும், தீர்ந்துவிட்டது என்று வக்கீல் அன்று சொல்லியிருந்தாலும், குடிவரவு வக்கீல் ஒருவரிடம் கேட்காமல் நாட்டை விட்டு வெளியே காலை வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும்வரை தூங்கிக்கொண்டிருக்கும் வழக்கு, எல்லையில் விழித்துக்கொள்ளும்.

கஞ்சாவும் அப்படித்தான். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் சட்டப்படி விற்கிறார்கள். நியூ ஜெர்சியிலும் மிச்சிகனிலும்கூடக் கடை இருக்கிறது. ஆனால் அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இன்றும் குற்றம், எல்லை மத்திய அரசின் கையில். எந்தத் திசையிலும் கொண்டுபோகக் கூடாது. டொராண்டோவில் வாங்கிய மிட்டாய் ஒன்று பையில் இருந்தால்கூட ஒரு கிரீன் கார்டுக்கே ஆபத்து.

எடிசன்வாசி

முகில் சார், கடுமை எல்லாம் இல்லை. எங்களுக்கு அப்படி வழக்கு எதுவும் கிடையாது, ஆனால் படிப்பவர்களில் யாருக்காவது இது உயிர் காப்பதாக இருக்கும்.

வேறு ஒரு கேள்வி. மனைவியின் சாவிக்கொத்தில் மிளகு ஸ்ப்ரே குப்பி ஒன்று தொங்குகிறது. இரவு வேலை முடிந்து வருபவள், நான்தான் வாங்கிக் கொடுத்தேன். போன முறை அதோடுதான் போயிருக்கிறோம் என்று இப்போதுதான் உறைக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

கயல்_மிச்சிகன்

அண்ணா, அதை முதலில் கழற்றி வீட்டில் வையுங்கள். மனிதர்கள் மேல் அடிப்பதற்கான மிளகு ஸ்ப்ரே கனடாவில் தடை செய்யப்பட்ட ஆயுதம். "ஆயுதம் இருக்கிறதா?" என்று கேட்கும்போது நம் மனதில் துப்பாக்கிதான் வரும், சாவிக்கொத்து வராது. காரில் ரேடார் காட்டும் கருவி வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஒண்டாரியோவில் அதை வைத்திருப்பதே குற்றம்.

கார் விஷயமும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் செய்து, கனடாவுக்கான வெளியூர்வாசி வாகனக் காப்பீட்டு அட்டை கேளுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே அனுப்புவார்கள். ஒண்டாரியோவில் மூன்றாம் நபருக்கான குறைந்தபட்சக் காப்பு 2,00,000 டாலர். நம் மாநிலங்களின் குறைந்தபட்சத்தைவிட அது மிக அதிகம். அங்கே ஒரு விபத்து நடந்தால் உங்கள் பாலிசி அந்தத் தொகை வரை ஏற்கும் என்பதற்குச் சான்று அந்த அட்டை. வாடகைக் கார் என்றால் எல்லை தாண்டலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா பாருங்கள். நண்பரின் கார் என்றால் அவர் எழுதிக் கொடுத்த கடிதம்.

அப்புறம் டொராண்டோ பக்கம் 407 நெடுஞ்சாலை. சுங்கச் சாவடியே இருக்காது. கேமரா எண் பலகையைப் படம் பிடிக்கும், பில் வீட்டுக்கு வரும். நம் ஊரில் சுங்கம் கட்டக் காரில் ஒட்டும் ஈசி பாஸ் அங்கே செல்லாது. வரைபடத்தில் சுங்கச் சாலை வேண்டாம் என்று முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

சாலைப்பூ

குறுக்கே வருகிறேன். டெட்ராய்ட்டில் ஒரு முறை வழி தவறி அம்பாசடர் பாலத்தில் ஏறிவிட்டேன். "அமெரிக்காவின் கடைசி வெளிவழி" என்ற பலகையைக் கவனிக்கவில்லை. நடுவில் திருப்ப முடியாது. என்னிடம் ஓட்டுநர் உரிமம் மட்டும்தான், கிரீன் கார்டு வீட்டுப் பெட்டியில். கனடாக்காரர்கள் தாள் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்கப் பக்கம் இரண்டரை மணி நேரம் உட்கார வைத்து, விரல் ரேகை எடுத்து, ஆளை உறுதி செய்த பிறகு விட்டார்கள். கார்டை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது நிரந்தரவாசிகளுக்கு எப்படியும் சட்டம்தான் என்று அந்த அதிகாரி சொன்னார். எல்லை ஊர்களில் இருப்பவர்கள், அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், தயவுசெய்து கார்டைப் பர்ஸில் வையுங்கள்.

யாழினி_ஓ

எதிர்த் திசையைப் பற்றிச் சொல்ல முடியுமா? நான் கனடா பிஆர், அதாவது நிரந்தரவாசி, இந்திய பாஸ்போர்ட். ஒட்டாவாவிலிருந்து நியூயார்க் போக வேண்டும். கனடா பிஆர் கார்டுக்கு அமெரிக்காவில் இதேபோல விசா விலக்கு உண்டா?

ஸ்கார்பரோ_சிவம்

இல்லை, பிள்ளை. அதுதான் 2003-ல் போய்விட்டது. அமெரிக்க நிரந்தரவாசிக்குக் கனடா கதவைத் திறந்து வைத்திருக்கிறது, கனடா நிரந்தரவாசிக்கு அமெரிக்கா அப்படித் திறக்கவில்லை. உங்களுக்கு பி-1/பி-2 என்ற வருகையாளர் விசா வேண்டும். எல்லையில் ஐ-94 எடுக்க வேண்டும். அதற்கான கட்டணம் 6 டாலராக இருந்தது, 2025 செப்டம்பர் இறுதியில் 30 டாலர் ஆக்கிவிட்டார்கள். முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டினால் உள்ளே காத்திருக்கும் நேரம் குறையும்.

திரும்பி வரும்போது பிஆர் காட், அதாவது அந்த அட்டை, கையில் இருக்கட்டும். விமானம், பஸ், ரயில் என்றால் காட் இல்லாமல் ஏற்றவே மாட்டார்கள். சொந்தக் காரில் வந்தால் நிலைமை வேறு. நான் குடியுரிமை எடுக்க முதல், ஒரு முறை காட் காலாவதியானதைக் கவனிக்காமல் பஃபலோ போய்விட்டுத் திரும்பினேன். இரண்டு மணி நேரம் உள்ளே இருத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள், ஆனால் விட்டார்கள். நிரந்தர வதிவிட உரிமை அந்த அட்டையோடு முடிவதில்லை, அது அட்டையைவிடப் பெரியது. ஒருவர் நிரந்தரவாசி என்று உறுதியானால் உள்ளே வர அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் என்னைக் கேட்டது ஒரே விசயம்: ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தீர்களா? அந்தக் கணக்கில் குறை இருப்பவர்கள் காலாவதியான அட்டையோடு சாவடிக்கு வந்தால், அங்கேயே அறிக்கை எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டு நாடும் தரை எல்லையில் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதைப் பகிர்ந்துகொள்கின்றன. உங்களைப் போன்ற மூன்றாம் நாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு இது 2013 ஜூன் 30 முதல் நடக்கிறது. ஒரு நாட்டுக்குள் நுழைந்தால் மற்ற நாட்டை விட்டு வெளியேறியதாகப் பதிவு. முத்திரை குத்தவில்லை, அதனால் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முகில்75

சிவம் அண்ணன் சொன்னதோடு ஒன்று. அமெரிக்கக் குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போடும்போது, கடந்த ஐந்து வருடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த ஒவ்வொரு பயணத்தையும் எழுதச் சொல்வார்கள். விமானப் பயணம் என்றால் டிக்கெட் மின்னஞ்சல் இருக்கும். காரில் போனதற்கு முத்திரையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. நான் ஏழு பயணத்தின் தேதிகளைப் பெட்ரோல் ரசீதையும் கைப்பேசிப் படங்களையும் வைத்துக் கண்டுபிடித்தேன். ஒரு வாரம் ஆனது. போன அன்றே, வந்த அன்றே எழுதி வைத்துவிடுங்கள்.

தென்றல்

அடிக்கடி எல்லை தாண்டுபவர்கள் தனித் தடத்தில் விரைவாகப் போக எடுக்கும் நெக்ஸஸ் அட்டை இருந்தால் பாஸ்போர்ட் வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

கயல்_மிச்சிகன்

குடிமக்களுக்குப் பொருந்தும். நமக்கு இல்லை. நிரந்தரவாசி நெக்ஸஸ் வைத்திருந்தாலும் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் கூடவே இருக்க வேண்டும். கட்டணம் 2024 அக்டோபரிலிருந்து 120 டாலர், ஐந்து வருடம் வரும். நான் அடிக்கடி போவதால் எனக்கு லாபம். காரில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் நெக்ஸஸ் இருந்தால்தான் அந்தத் தடத்தில் போக முடியும், கைக்குழந்தை உட்பட. நயாகராவில் வேர்ல்பூல் பாலம் நெக்ஸஸ்காரர்களுக்கு மட்டும். வருடத்துக்கு ஒரு முறை போகிறவர்கள் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

எடிசன்வாசி

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். பாஸ்போர்ட் வந்தது, அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, போய்விட்டு நேற்று இரவு வந்து சேர்ந்தோம்.

இந்த இழையைத் திரும்ப ஒரு முறை முழுவதும் படித்துவிட்டுத்தான் கிளம்பினோம். லூயிஸ்டன்–குயின்ஸ்டன் பாலம் வழியாகப் போனோம். கிளம்பும் முன் காத்திருக்கும் நேரத்தைப் பார்த்ததில் அன்று காலை அதில்தான் கூட்டம் குறைவு. சாவடிக்கு முன்னால் பாட்டை நிறுத்தி, நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, எல்லாருடைய பாஸ்போர்ட்டும் கார்டும் ஒரே கட்டாக நீட்டினேன். எங்கிருந்து வருகிறீர்கள், யார் வீட்டுக்கு, எத்தனை நாள், மது, புகையிலை, ஆயுதம், பரிசு. குழந்தைக்கு வெள்ளிக் கொலுசும் துணிமணியும் என்றேன், ரசீதையும் காட்டினேன். ஒரு பரிசு 60 கனடா டாலருக்குள் இருந்தால் வரி இல்லை, கொலுசு அதற்குள்தான். பிறகு அவர் திரையைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம், முன்பு எப்போதாவது கனடாவுக்குள் விடாமல் திருப்பியிருக்கிறார்களா என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அவள் நிதானமாக, "ஆமாம், என் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது, இதோ அந்தத் தாள், இதோ புதுப் பாஸ்போர்ட்" என்று நீட்டினாள். அவர் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "குழந்தையைப் பார்க்கப் போகிறீர்களா? நல்லது" என்றார். அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அங்கே ஒரு சிறு குழப்பம்: வேகம் எல்லாம் கிலோமீட்டரில். 100 என்ற பலகையைப் பார்த்து ஒரு கணம் கால் தானாக அழுத்தப் பார்த்தது. அது 62 மைல்தான். காரில் காட்டும் அளவையும் மாற்றிவிட்டேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு பலகைக்கும் மனக்கணக்கு.

திரும்பும்போது பீஸ் பாலத்தில் ஐம்பது நிமிடம் வரிசை. மாமா, அதாவது அக்காவின் கணவர், கிளம்பும்போது பால்கனித் தொட்டியிலிருந்து கறிவேப்பிலை ஒடித்துப் பை நிறையக் கொடுத்தார். கயல் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, மனமில்லாமல் அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். சாமான் வாங்கியது 310 டாலர். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததால் ஆளுக்கு 800 வரை வரி இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன், அதிகாரி கார்டுகளைப் பார்த்துவிட்டு "வீட்டுக்கு நல்வரவு" என்றார்.

மனைவி அந்த வளைகாப்பு வளையல்களை அன்று முதல் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அக்கா கையில் போட்டுவிட்டு, இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

முகில் சார், டயரியில் எழுதிவிட்டேன். போனது வியாழன் காலை, வந்தது ஞாயிறு இரவு.